இருநூறு மில்லிமீட்டர் நாரை

வேடந்தாங்கலில் நாங்கள் எடுத்த முதல் புகைப்படத்தில் பறவைகளே இல்லை. எடுக்கும்போது இருந்தன. படத்தைப் பெரிதாக்கிய செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர், மரங்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிவதைக் கண்டு, நெகட்டிவில் தூசி படிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். மெல்லிய தூரிகையை எடுத்து, ஒன்று விடாமல் சாயம் தொட்டு மறைத்துக் கொடுத்தார். "ரொம்ப டஸ்ட்டு சார். நீட்டா எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வேலைக்குத் தனிக் கூலிகூடக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

கேமரா சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான கேமரா என்று சொல்லித்தான் கொடுத்தார். அதன் முகத்தில் குட்டையாக ஒரு லென்ஸ். அதை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிற மாப்பிள்ளையையும் பெண்ணையும் எடுக்கலாம். ஏரி நடுவே மரக்கிளையில் நிற்கிற நாரையை எடுத்தால் அது தூசிதான்.

எனக்கோ நாரை வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கூட்டில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரையின் படத்தை, எங்கள் வீட்டுக் கேமராவிலேயே எடுத்துக் கொண்டுவருவதாக வகுப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆறாம் வகுப்பில் மானம் என்பது பெரிய விஷயம். பிற்பாடுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக மலிவாகிறது.

ஆகவே ஒரு டெலி ஜூம் லென்ஸ் வாங்குவது என்று முடிவாயிற்று. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்து வரும் நீள லென்ஸ். எவ்வளவு இழுக்கும் என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே குண்டூசி வாங்குவதென்றாலும் முதலில் அதன் நீளம், தடிமன், கூர்மை எல்லாம் எழுதியாக வேண்டும். பிறகு மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். சொன்னதெல்லாம் இருந்து, விலையும் குறைவாக இருப்பவரிடம் வாங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிரிட்ஜும் மருமகனும் இந்த முறையில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அப்பா நெகட்டிவை ஜன்னலில் ஒட்டி, ஸ்கேலால் நாரையை அளந்தார். சாப்பாட்டு இடைவேளையில் நண்பர்களைக் கலந்தாலோசித்தார். முந்நூறு மில்லிமீட்டர் வாங்கினால் கை நடுங்கும், ஐந்நூறு வாங்கினால் குடும்பமே நடுங்கும், இருநூறு போதும் என்ற இடத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தார். கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கக் கூடாது. வளையம் இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் திரும்ப வேண்டும். இந்த எடைக்கு மேல் போகக் கூடாது. எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அம்மா மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலில் இறங்கினால் காலடியில் மேய்ந்துகொண்டிருந்த ஜீவன்களை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பது அவளுக்கு விளங்கவில்லை. முதல் தடவை போனபோது பறவை பார்க்கும் கோபுரத்தின் மேலேயே ஏறாமல், கீழே டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். "அத்தினி தூரத்துல கீற கொக்க கிட்ட இட்டாந்து இன்னா பண்ணப் போறீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா லென்ஸின் எடையைச் சொன்னார்.

மூன்று இடத்து விலைகளில் ஒன்று செங்கல்பட்டு ஸ்டுடியோ. இன்னொன்று பட்டணத்துக் கடை. ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வந்த என் தாய்மாமா அதை விசாரித்துச் சொன்னார். மூன்றாவது மாமல்லபுரத்தில் ஒரு கற்சிலைக் கடை. கடற்கரைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் யாரோ ஊர் திரும்புமுன் தன் லென்ஸை அங்கே விற்றுவிட்டுப் போயிருந்தார். நந்திக்கும் பிள்ளையாருக்கும் நடுவில், மூன்றாவது தெய்வம் மாதிரி நின்றிருந்தது. விலையோ மற்ற இரண்டிலும் பாதி.

நானும் மாமாவும் அப்பாவோடு வாங்கப் போன அன்று, அவர் கேமராவை எடுத்து வரவில்லை. மறந்து அல்ல, யோசித்துத்தான். நம்மிடம் என்ன இருக்கிறது, நமக்கு எது அவசரம் என்று விற்கிறவனுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் விலை ஏறும் என்பது அவர் பிரிவில் பால பாடம். கடைக்காரர் முதலில் கேட்டதே "கேமரா பாடி எங்க சார்? மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்க" என்பதுதான். அப்பா கேமராவே இல்லாத மனிதரைப் போல ஒரு சிரிப்புச் சிரித்தார். தானே போய் எடுத்து வருவதாக மாமா அப்பாவின் காதில் கிசுகிசுத்ததற்கு, அப்பாவின் முழங்கை மாமாவின் விலாவில் பதில் சொன்னது.

பிறகு பரிசோதனை. கண்ணாடியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். வளையத்தைத் திருகினார். உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள் மூடித் திறப்பதைப் பார்த்தார். சொன்னதெல்லாம் சொன்னபடி இருந்தது. மேலும் பேரம் பேசிக் குறைத்து, செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் அதை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால் லென்ஸின் அடியில் பாட்டில் மூடி மாதிரி திருகு மரை. கேமராவின் வாயிலோ மரையே கிடையாது. பூட்டு மாதிரி மூன்று பல். அத்தனை நிபந்தனைகளில் எங்கள் கேமராவில் பொருந்த வேண்டும் என்ற ஒன்றை மட்டும் யாரும் எழுதவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது வெளிப்படையாக இருந்ததுதான் காரணம்.

"பாட்டிலு வேற, மூடி வேற மச்சான்" என்றார் மாமா.

"தெரியுது மாப்ள" என்றார் திருநெல்வேலிக்காரரான அப்பா. சொல்லிவிட்டு லென்ஸை மறுபடி அதே செய்தித்தாளில் சுற்றினார்.

மறுநாள் மாமா மாமல்லபுரம் போய்க் கேட்டுப் பார்த்தார். பணத்தைத் திருப்பித் தர வழியில்லை, வேண்டுமானால் சின்னதாக ஒரு பிள்ளையார் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம் கடைக்காரர். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பிடாமல் எதிர்ப்புத் தெரிவித்தேன். பசித்தபோது மட்டும் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன்.

மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. கடிகாரம் பழுது பார்க்கிறவர் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். பிலிம் சுருள் வரும் டப்பாவின் அடியை அறுத்து, ஒரு பக்கம் லென்ஸ், மறுபக்கம் பூதக்கண்ணாடி என்று வைத்து, சைக்கிள் டியூப் போட்டு இறுக்கினார். தொலைநோக்கி தயார். உலகம் மிகக் கிட்டே வந்தது. ஆனால் தலைகீழாக வந்தது.

அதை எடுத்துக்கொண்டுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வேடந்தாங்கல் போனோம். வாங்கிய பாவத்துக்கு ஒரு தடவையாவது உபயோகிப்போம் என்று அப்பாவே கூப்பிட்டார். முதலில் நான் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். நாரை வானத்தில் கால் ஊன்றித் தலைகீழாக நின்றது. எனக்கு வேண்டியது படம். இதில் படம் பிடிக்க முடியாது. வெறுப்போடு கீழே இறங்கி அம்மாவிடம் நீட்டினேன். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

பிறகு அவள் அதை இறக்கவில்லை. கீழேயிருந்து மரம் மறைக்கிறது என்று கோபுரத்தில் ஏறினாள். டிபன் கேரியர் தனியாகக் கிடந்தது.

"ஐயோ, குஞ்சுக்கு வெயில் படாம ரெக்கய விரிச்சினு நிக்குது பாரு" என்றாள். யாரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. கருவி அவள் கையில்தான் இருந்தது.

அப்பா பக்கத்தில் போய், மாமா ஒருமுறை பார்க்கட்டுமே என்றார்.

"செத்த இருங்க. ஆம்பள மீனு எடுத்துகினு வர்ற நேரம்."

மத்தியானம் வரை இருந்தோம். புளிசாதத்தை அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் அது அதற்கு முன் நடந்ததில்லை.

திரும்பும் வழியில் செங்கல்பட்டில் இறங்கி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தோம். மாமாவின் ஏற்பாடு. ஸ்டுடியோக்காரர் டியூபைக் கொஞ்சம் விலக்கி லென்ஸின் மரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். இந்த மரையுள்ள பழைய கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு நீள லென்ஸ் தேடிக்கொண்டிருந்தாராம். எங்கள் கேமராவுக்குப் பொருந்துகிற இருநூறு ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. "மேல எதுவும் தர வேணாம் சார். கைக்குக் கை மாத்திக்கலாம்" என்றார். சொன்னதோடு நிற்காமல், மாமா சொல்லி அப்பா எடுத்து வந்திருந்த கேமராவில் அதை மாட்டியும் காட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் நான் வகுப்பையே வென்றுவிட்டேன்.

அம்மா டப்பாவையும் டியூபையும் கழற்றினாள். லென்ஸை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். "குடுத்துடுங்க. கொழந்தைக்கு போட்டோ வோணுமில்ல" என்று அப்பாவிடம் நீட்டினாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்பா லென்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். பிறகு கேமராவிலிருந்து ஸ்டுடியோக்காரரின் லென்ஸைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இருக்கட்டும்வே" என்றார்.

"இன்னா மச்சான், தானா வர்றத வோணான்ற?" மாமாவுக்குக் குரலே மாறிவிட்டது.

"இருக்கட்டும் மாப்ள" என்று மறுபடி சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீதான் நல்லா வரைவியே, வரைஞ்சு வையி" என்றார்.

நான் வரைந்துதான் வைத்தேன். கிரேயானில், நேராக நிற்கும் நாரை. ஆசிரியை அதை வாத்து என்று அறிமுகப்படுத்தினார். ஆனால் அது ஒரு வாரம் கழித்து நடந்தது. அன்றைக்கு நான் ஸ்டுடியோ வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். கையில் வந்த நல்ல பேரத்தை ஒரு கொள்முதல் அதிகாரி காரணமே சொல்லாமல் நழுவவிட்டதை நம்ப முடியவில்லை. இவர் அலுவலகத்திலும் இப்படித்தான் வாங்குகிறாரா என்று நாட்டை நினைத்துக்கூடக் கவலைப்பட்டேன்.

கல்பாக்கம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தார்கள். பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவது அம்மாவின் வழக்கம். அன்று தூங்கவில்லை. டப்பாவை மறுபடி மாட்டி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிக் குஞ்சுக்கு மீன் கிடைத்திருக்குமா, அதன் அண்ணன்மார் பிடுங்கியிருப்பார்களா, வருகிற ஞாயிற்றுக்கிழமை போனால் இறகு முளைத்திருக்குமா என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கேள்வி கேட்டார். பதில் தெரிந்த கேள்விகளையும் கேட்டார். நான் வெளியே பார்த்தபடி, ஓரக்கண்ணால் அவர் முகத்தில் ஏமாந்தவருக்குரிய வாட்டம் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். கொஞ்சமும் இல்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.