தட்டோடு போன வரிசை

நம் கையில் இருப்பதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அது கொடுத்தபடியே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது நம்பிக்கையா, அசட்டுத்தனமா? ஞானசெல்வியை நினைக்கும்போதெல்லாம் பொன்னுராஜுக்கு இந்தக் கேள்விதான் வரும். போடியில் ஏலக்காய் ஏலக்கூடம் நடத்துகிறவருக்கு இப்படியெல்லாம் கேள்வி வரவேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டர் வாங்கியதால் வந்த வினை.

வாங்கியது எண்பத்தெட்டில். அதை ஓட்டுவதற்குத் தேனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள் ஞானசெல்வி. எழுதிய கட்டளைகளை வரிவரியாகப் படித்து அப்படியே ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் மொழியை மதுரையில் படித்தவள். அவள் அறைக்கு மட்டும்தான் ஏசி. வியாபாரிகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சந்நிதிக்குள் நுழைவதுபோல் போய் மிஷினைக் கும்பிடாத குறையாக நின்று, வியர்வை காய்ந்ததும் வெளியே வருவார்கள்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தோட்டத்து மூட்டை முதலில் வந்து இறங்குகிறதோ அதுதான் முதலில் ஏலத்துக்கு வரும். காலையில் வியாபாரிகள் உற்சாகமாக விலை கேட்பார்கள். மத்தியானம் பசி எடுத்துவிட்டால் எந்தக் காயைப் பார்த்தாலும் சொத்தை என்பார்கள். அதனால் சுருளிவேல் என்ற தோட்டக்காரர் முந்தின நாளே வந்து, கேட்டுக்கு வெளியே மூட்டையோடு மூட்டையாகப் படுத்துவிடுவார். மலை உச்சியில் கொஞ்சம் ஏலக்காடு வைத்திருந்த அக்கம்மாளுக்குக் கடைசி ஜீப்தான் கிடைக்கும். அவள் காய் எப்போதும் கடைசி.

மூட்டை வந்த வரிசைப்படி பெயர்களை மிஷினுக்குள் அடுக்கினாள் ஞானசெல்வி. அந்த அடுக்குக்கு அரே என்று பெயர். அதை வாங்கி ஆளுக்கொரு வேலை பார்க்கும் கட்டளைத் துண்டுகளுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒரு ஃபங்ஷன், அவரவர் தங்கள் பெயரைச் சட்டென்று தேடிக்கொள்வதற்காக, பெயர்களை இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கி நோட்டீஸ் பலகைக்கு அச்சடிக்கும். இரண்டாவது, வந்த வரிசையிலேயே ஏலத் தாள் அச்சடிக்கும். அப்படித்தான் எழுதியிருந்தாள்.

முதல் ஏலத்தன்று, ஏலம் கூறுகிறவர் தாளைப் பார்த்துக் கூப்பிட்ட முதல் பெயர் அக்கம்மாள்.

கடைசி ஜீப்பில் வந்து, மூட்டையைப் பதிந்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தவள் நெஞ்சில் கை வைத்தாள். “எம்பேரா? மொதல்லயா? ஆத்தாடி, முன்னால வந்தவுக யாராச்சும் செத்துட்டாகளா?”

சுருளிவேலின் முறை வந்தபோது வியாபாரிகளில் பாதிப்பேர் சோற்றுக்குப் போயிருந்தார்கள்.

“ராத்திரி பூரா கொசுக்கடில கெடந்தவன் நானு. நோகாம வந்து மொத ஏலத்துல வித்தது அந்தம்மா. அண்ணாச்சி, ஒண்ணு இங்கன மிஷினு இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்” என்றார். மற்றத் தோட்டக்காரர்களும் அவர் பின்னால் நின்றார்கள்.

பொன்னுராஜ் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். “ஏம்மா, இன்னொருக்க வரிசை கலைஞ்சா ஒன்னய வீட்டுக்கு அனுப்புறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

“சோதிச்சுத்தான் பாத்தேன் அண்ணாச்சி. ஒத்த நம்பரக் குடுத்தா, ஃபங்ஷன் உள்ளுக்குள்ள அத என்ன பண்ணுனாலும் எங்கிட்ட இருக்குற நம்பரு மாறல.”

அடுத்த ஏலத்தைப் பழையபடி கையால் எழுதி நடத்தினார்கள். வேலையில்லாத ஞானசெல்வி முதல்முறையாகக் கூடத்துக்குள் வந்து நின்றாள். மாதிரிக் காய் பரப்பிய தட்டு வியாபாரிகளின் கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. பலவேசம் என்ற வியாபாரிக்கு ஒரு பழக்கம். தட்டு கைக்கு வந்தால் பெரிய காய், சின்னக் காய் என்று வரிசையாக அடுக்கிவிடுவார். இரண்டை வாயிலும் போட்டுக்கொள்வார். அடுத்தவருக்குப் போவது அவர் அடுக்கிய தட்டுதான்.

ஞானசெல்வி பொன்னுராஜின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பாத்தீகளா அண்ணாச்சி? நம்ம ஒரு விலையச் சொல்றோம். அவுக அத மனசுக்குள்ள கூட்டுனாலும் கழிச்சாலும் நம்ம விலை மாறாது. தட்டு அப்படியில்ல. அவுக கைக்குப் போறது நம்ம தட்டேதான். அவுக அடுக்குனா நம்மளுதுதான் மாறும்.”

“அதுக்கென்ன இப்ப?”

“ஒத்த நம்பரு விலை மாதிரி. அரே தட்டு மாதிரி. நோட்டீஸுக்காக அடுக்கச் சொல்லிக் குடுத்தேன். அது என் வரிசையவே அடுக்கிருச்சு. ரெண்டாவது ஃபங்ஷனுக்குப் போனது கலைஞ்ச தட்டு.”

பொன்னுராஜ் யோசித்தார். “மிஷினுக்குள்ளயும் ஒரு பலவேசம் இருக்காருன்னு சொல்லு.”

அன்றே திருத்தினாள். பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு அரேயில் நகல் வைக்க ஒரு வரி. நோட்டீஸ் ஃபங்ஷனுக்கு அந்த நகல் போகும். பொன்னுராஜ் திரையில் விரலை வைத்து, “இதுதான அந்த நகல் வரி?” என்று கேட்டுக்கொண்டார். அந்த மிஷினில் அவருக்குப் புரிந்த ஒரே வரி அதுதான்.

“ஆமா அண்ணாச்சி. இது இருக்குற வரைக்கும் வரிசை கலையாது.”

“பரவாயில்ல” என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் மெச்சியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னார்.

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சுருளிவேல் கேட்டில் படுத்தார், முதலில் விற்றார். அக்கம்மாள் கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டு, கூடத்தைக் கூட்டுகிறவள் துடைப்பத்தோடு காத்திருக்க, சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போவதை ஒவ்வொரு ஏலத்திலும் ஞானசெல்வி கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், ஏலம் கூறுகிறவர் தாளைப் பிரித்துத் தொண்டையைச் செருமினார்.

“அக்கம்மாள்.”

சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பொன்னுராஜ், செருப்பைக்கூடக் கழற்றாமல், ஏசி அறைக்குள் ஓடினார். திரையில் தனக்குத் தெரிந்த அந்த ஒரே வரியைத் தேடினார். இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் நெருங்கி உட்கார்ந்திருந்தன.

“ஏம்மா, அந்த வரி எங்க?”

“எடுத்துட்டேன் அண்ணாச்சி.”

“அதான் ஏன்னு கேக்கேன்!”

ஞானசெல்வி மிஷினை அணைத்து உறை போட்டு மூடினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள். கூடத்தில் பலவேசம் அக்கம்மாளின் காய்களை அடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நடந்து, போகச் சொல்லி யாரும் வாய் திறக்கும் முன்பே, அவள் தேனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.