அடுத்த வருடக் காலண்டர்

விருதுநகர் கோர்ட்டில் என் முன்னாள் கணவரின் வக்கீல் மறுபடியும் வாய்தா கேட்டார். மகளுக்கான ஜீவனாம்ச வழக்கு அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது. வெளியே வந்தால், குமாஸ்தா மேசையில் புதுக் காலண்டரின் மை வாசனை.

அம்மா சிவகாசி அச்சாபீஸிலிருந்து அந்த வாசனையோடுதான் வீடு திரும்புவாள். அங்கே ஆடியிலேயே அடுத்த வருடக் காலண்டர் தயாராகிவிடும். அப்பாவும் அவளை ஜீவனாம்சத்துக்கு இப்படித்தான் இழுத்தடித்தார். ஒருமுறை கோர்ட் வாசலில், சிறுமியான நான் பார்த்துக்கொண்டிருக்க, கூடையிலிருந்த காலண்டரை எடுத்து அப்பாவின் வக்கீலிடம் நீட்டினாள்.

"அடுத்த வருசமும் எங்கிட்ட இருக்குய்யா. எம்புட்டு வாய்தா வேணும்னாலும் வாங்கிக்கோங்க. நான் வருவேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னும் அதே அச்சாபீஸில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, தேதியைச் சொன்னேன். யோசிக்காமலே பதில் வந்தது.

"வெள்ளிக்கெளமை, முகூர்த்த நாளு. பஸ்ல இடம் கெடைக்காது. வெள்ளன கெளம்பிருவோம், நானும் வாரேன்."