செல்லாயி வீட்டில் வேறொரு ஆள்

செல்லாயி அக்கா அம்மிக் குழவியால் புருஷன் மண்டையை உடைத்த அன்று நான்தான் முதலில் ஓடினேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சின்னையா அண்ணன் சமையலறைத் தரையில் கிடந்தார். தலையிலிருந்து ரத்தம் கொட்டியது. அக்கா மறுபடியும் குழவியை ஓங்கி, "யாருடா நீ? அவரு சட்டையக் கழட்டுடா!" என்று கத்தினாள்.

தாலி கட்டிய புருஷனையே யார் என்று கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? பேய் என்றார்கள். கோயிலில் வேப்பிலையால் விளாசினார்கள். அக்கா பூசாரியின் கையைக் கடித்துக் குதறினாள். எனக்கு வேறு நினைப்பு. தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்தில் அந்த மனுஷன் இவளை இடைவாரால் அடிக்காத வாரமில்லை. ஒருமுறை அறைந்ததில் இடது காது செவிடாகிப் போனது. மூட்டுவலி வந்த பிறகுதான் அவர் கை ஓய்ந்தது. திருந்தினார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இப்போது வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

ஆனால் அக்காவும் சரியாக இல்லை. ஒருநாள் தெளிவாகப் பேசுவாள். மறுநாள் மேசைக்கடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ரொட்டி கொடு என்பாள். தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். ஒரு கிளினிக்கில் ஆத்திரம் அடங்க மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கியவள் கட்டையாக விறைத்துப்போனாள், எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. அது தெளிந்ததும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு சின்னையாவைத் தெருவரை துரத்தினாள்.

மகன் சுகுமாரன் வெறுத்துவிட்டான். "தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்லா. இல்லன்னா அம்மா அப்பாவக் கொன்னுடும்."

அதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவனுக்கு வேலை. மலாயில் பேச அக்காவோடும் அண்ணனோடும் நானே போனேன்.

டாக்டரம்மா மலாய்க்காரர். அக்காவை விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். மேசைக்கடிப் பிள்ளைகளையும் அந்த மாத்திரையையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். பிறகு அண்ணனை வெளியே போய் என் போனுக்கு அடிக்கச் சொன்னார்.

போனை அக்காவின் வலது காதில் வைத்தேன். குரலைக் கேட்டதும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள். "நான் ஒன்னும் பண்ணலைங்க. அந்த ஆளு தானா வந்தான். அடிச்சு வெரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

லூயி பாடி என்ற மறதி நோய் என்றார் டாக்டர். கண்ணால் பார்க்கும்போது இது நம் ஆள் என்ற உணர்வு வருவதில்லை, குரலைக் கேட்டால் வருகிறது. அந்த மாத்திரையை இனித் தொடவே கூடாது. வீட்டில் கத்தி எதுவும் அக்கா கைக்கு எட்டக்கூடாது. "கணவரை ஏன் அடிக்கிறார் என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

"வேற ஆம்பளை வீட்டுல இருந்தா அவரு சும்மா விடுவாரா? வந்து பாத்தா என்னைய வெட்டிப் போட்டுருவாரு." கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஆளு பாவம்லா. இத்தன அடி வாங்கியும் ஒரு தடவகூட கை நீட்டல."

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். போன் இன்னும் அவர் காதிலேயே இருந்தது. அவர் முன்னாலேயே அக்கா சொன்னதை மலாயில் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

மறுநாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலைக்கட்டோடு போன் அடித்தார்.

"செல்லாயி, நான்தான். ஜொகூருல வேல கெடச்சிருக்கு. இனி வர மாட்டேன். அந்த ஆள நான்தான் அனுப்பியிருக்கேன். அங்கேயே இருக்கட்டும்."

"நெசமாவா? வந்து அடிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்" என்றார். போனை வைத்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கும் போகவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். அடி விழும் என்று சுவரோடு காதை வைத்து நின்றேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உக்காருங்கண்ணே. தேத்தண்ணி போடுறேன். அவரு வர மாட்டாராம்."