துணியில் வடித்தது, பித்தளையில் இறங்கியது

கட்டுமரம் கவிழ்ந்து கால்முட்டி நொறுங்கிய பிறகு என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. மாமல்லபுரத்தில் பஸ் திரும்புகிற இடத்தில் கொட்டகை போட்டுக் காபிக்கடை வைத்தோம். எழுபதுகளின் ஆரம்பம் அது. பால் காய்ச்சுவதும் கிளாஸ் கழுவுவதும் என் வேலை. வடிப்பது அவர் வேலை, என்னைக் கைவைக்க விடமாட்டார். வெள்ளைத் துணியைப் பைபோல் தைத்து, கம்பி வளையத்தில் கோத்து, பாத்திரத்தின் வாயில் மாட்டித் தூளைப் போடுவார். ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வெந்நீரை உயரத்திலிருந்து ஊற்றுவார். அப்போது அவர் முதுகு நிமிர்ந்திருக்கும், துடுப்புப் போடுகிறவன் மாதிரி. வீட்டில் சுருண்டு படுக்காமல் அவரை வைத்திருந்தது அந்த ஒரு வேலைதான். அது எனக்குத் தெரியும்.

போகப்போக எங்கள் குப்பத்து ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். கல் செதுக்குகிறவர்களும் பஸ்காரர்களும் எதிர்க்கடைக்குப் போனார்கள். இவர் தூளை மாற்றிப் பார்த்தார், சிக்கரியைக் குறைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நமக்கு இது வராதுமே, மூடிடலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில் எதிர்க்கடை சாத்தியிருந்த ஒருநாள், செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் எங்களிடம் வந்தார். ஒரு வாய் குடித்தார்.

"இன்னா அண்ணாத்த, நெத்திலி போட்டுத் தாளிச்சிகினியா?"

இவருக்குச் சுருக்கென்றது. "உன் வாய கழுவிட்டு வந்து குடி."

"என் வாய வுடு நைனா. உன் துணிய மோந்து பாரு."

இருவரும் மோந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்தது முதல் அந்த வாடைக்குள்ளேயே இருக்கிறோம். கடை கட்டியதும் துணியை அலசி, வாசலில் கருவாடு தொங்குகிற கயிற்றிலேயே போடுவார். எங்கள் பக்கம் எல்லாத் துணியும் அதில்தான் காயும். ஈரத்துணி அந்த வாடையை முழுக்கக் குடித்துவைத்திருந்தது.

மறுநாள் என் பித்தளை பில்டரை எடுத்துப் போனேன். அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது, உள்ளே ஈயம் பூசியது. தூளைக் காம்பு வைத்த குடைத்தட்டால் லேசாக அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடினால் சொட்டுச்சொட்டாய் இறங்கும். துணி என்றால் தூளின் எண்ணெயைத் தானே எடுத்துக்கொள்ளும், காபி லேசாக, தெளிவாக வரும். பித்தளை எதையும் எடுத்துக்கொள்ளாது. சாரமெல்லாம் கெட்டியாக இறங்கி நாக்கில் தங்கும். கண்டக்டர் குடித்தார். போய் டிரைவரையும் கூட்டிவந்தார்.

எங்கள் ஆட்களோ முகத்தைச் சுளித்தார்கள்.

"இன்னாக்கா இது, கஷாயமா? இது சொட்டி முடிக்கிறதுக்குள்ள மீனு ஆந்திராவுக்கே போய்டும்!"

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பக்கத்துப் பெட்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மூடி வெச்சா அதுவே எறங்குது. எனக்கு இன்னாமே வேல?"

மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

நான் புதுக் காடாத்துணி வாங்கி, கஞ்சி போகக் கொதிக்கவைத்து, வளையத்தில் தைத்தேன். இனி அது கயிற்றுக்குப் போகாது. அலசியதும் மூடிபோட்ட சட்டியில், கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். தினம் தண்ணீர் மாற்றவேண்டும், அவ்வளவுதான். சட்டியைக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"பஸ்காரனுக்கு என் பில்டரு. கட்டுமரத்துக்காரனுக்கு யாரு வடிப்பா? எனக்கு அவ்ளோ ஒசரமா ஊத்த வராதுய்யா."

"பொய் சொல்றே."

"ஆமா, சொல்றேன். எழுந்து வா."

முனகிக்கொண்டே வந்தார். மேடையில் கையை ஊன்றினார், ஊற்றினார். முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"எது நல்லாகீது? நெசத்த சொல்லு."

பித்தளையில் இறங்கியதுதான் ருசி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கும் அவர் முகத்தைப் பார்த்து அதையே சொன்னேன்.

"உன் நாக்கு அப்டி" என்றார். பிறகு, வலையோடு நின்றிருந்த ஆளைப் பார்த்து, "டேய், உனக்கு சக்கர தூக்கலாவா?" என்று கேட்டுக்கொண்டே வெந்நீரை உயரத் தூக்கினார்.