அந்தூருக்குப் போன தம்பி

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் ஒரு புது மதம் இருந்தது. தொடங்கியவள் அக்கா, என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் தீர்க்கதரிசி, நான் ஒரே பக்தை. பௌர்ணமிதோறும் ஊர் உலகமெல்லாம் மலையைச் சுற்ற வந்துகொண்டிருக்க, நாங்கள் வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு மதம் நடத்தினோம்.

ஞானிகளின் வரலாற்றை அக்கா ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். காற்றை மட்டுமே தின்று குண்டானவர் ஒருவர். எதையும் மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கும் மூக்கம்மா ஒருத்தி. செத்தவர்கள் போகும் இடத்துக்கு அந்தூர் என்று பெயர். அங்கே பாவ புண்ணியம் விசாரிக்கமாட்டார்கள். குளிக்கவைத்துச் சோறு போடுவார்கள். அக்காவுக்கு எப்போதும் பசி ஜாஸ்தி.

அந்த வருஷம்தான், ஆறு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். "தம்பிப் பாப்பா" என்று அப்பா ஒருமுறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. பார்க்க வந்த அத்தை, "அண்ணாமலையார் பாத்துக்குவாரு, நீ அழாத" என்றாள். அம்மா அழவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அக்கா டியூஷனுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், நான் அம்மாவிடம் ரகசியத்தை உடைத்தேன்.

"தம்பி அந்தூர்லதான் இருக்கான்மா." அந்தூர் எது என்பதையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"பேரே வைக்கலியேடி. அவன எப்பிடிக் கூப்புடுவாங்க?"

நோட்டில் அதற்கு விதி இல்லை. "மூக்கம்மா வாசன புடிச்சே உன் புள்ளன்னு கண்டுபுடிச்சிடுவாங்க" என்றேன்.

"சோறு துன்ன மாட்டானே?"

"பால் குடுப்பாங்கம்மா."

விஷயம் தெரிந்ததும் அக்கா என் காதைத் திருகினாள். "நான்தான தீர்க்கதரிசி? நீ எப்பிடிடி சொல்லலாம்?" கேட்டது அம்மா என்றதும் கையை எடுத்துவிட்டாள். நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை மாற்றாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு அம்மா தினமும் ஏதாவது கேட்டாள். அங்கே குளிருமா? தூக்கிவைத்துக்கொள்ள ஆள் உண்டா? நானும் சளைக்காமல் சொன்னேன். ஒருநாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்:

"அங்க போனவங்க திரும்பி வரலாமாடி?"

இதற்கு விதி இருந்தது. அக்கா முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தோடு, "வரவே முடியாதும்மா, அது சட்டம்" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. கீரையை முழுதும் உருவி முடித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் மாடிக்கு ஓடினேன். அம்மாவும் நம் மதத்தில் சேர்ந்துவிட்டாள், கண்ணீரே வந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் தடதடவென்று கீழே இறங்கிப்போனாள்.

தீர்க்கதரிசி இப்படிப் பொறுப்பில்லாமல் இருக்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நோட்டை எடுத்து, இரண்டாவது பக்தை என்று அம்மாவின் பெயரை நானே எழுதிவைத்தேன்.