காய் என்று எழுதிய குழாய்

செம்பூர் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மும்தாஜின் போன் வந்தது. "டாக்டரம்மா, லாத்தா மௌத்தாயிட்டா" என்றாள். லாத்தா என்றால் அக்கா. இறந்துபோனது எங்கள் நூர்ஜஹான், நூரி. நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் மூச்சுக்குத் திணறியிருக்கிறாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் "அரே, சலோ மேடம்" என்று கத்தினார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் பழ ஈக்களை வளர்த்தவள் நூரி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நான் செய்த தப்பு உங்களில் பலருக்குத் தெரியாது. அதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனசு வரவில்லை.

தாராவியில் தோல்பைப் பட்டறைக்காரரின் மகளாகப் பிறந்தவள். பம்பாயை விட்டு எங்கும் போகாதவள், பேச்சு மட்டும் சுத்தத் திருநெல்வேலி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமா, "மேடத்துக்கு பி.பி. ஏறுது, யாராச்சும் ஃபேனப் போடுங்க" என்பாள். நான் இன்னும் கத்துவேன்.

நாவல் பழத்துக்குக் கருநீலம் தரும் சத்து மூளை நரம்புகளைக் காக்குமா? அதுதான் எங்கள் கேள்வி. நடுக்குவாதம் வரும்படி வளர்த்த ஈக்களைக் குழாயில் விட்டுத் தட்டினால் அடியில் விழும். நரம்பு நன்றாக இருந்தால் குழாயில் போட்ட கோட்டைத் தாண்டி ஏறும், கெட்டிருந்தால் கீழேயே தடுமாறும். பாதிக் குழாய்களின் தீனியில் நாவல் சாறு, மீதியில் அதே நிறத்தில் வெறும் சாயம். எது எதில் என்று, ஏறிய ஈக்களை எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் ஆசை உள்ளே புகுந்துவிடும். அதனால் நூரி தமிழில் 'காய்', 'பழம்' என்று சீட்டு ஒட்டினாள். சண்டை என்றால் காய், சமாதானம் என்றால் பழம் என்று பிள்ளைகள் விடுவார்களே, அந்தக் காய், பழம்தான். எண்ணும் மராத்தி மாணவர்களுக்கு ஓர் எழுத்தும் புரியாது.

மழையில் ரயில் நின்ற ஒரு நாள் அவர்கள் வரவில்லை. நான் எண்ண உட்கார்ந்தேன். மாட்டுங்காவில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஜம்பத்தில், எனக்குத் தமிழ் படிக்க வராது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சுத்தப் பொய். அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவள் நான். சீட்டைப் படித்ததுமே 'பழம்' என்றால் நாவல் சாறுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருஷம்தான் நூரியின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஈக்களுக்கு நாங்கள் வரவழைத்த அதே நோய். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொள்வாள். பார்க்க எனக்குத் தாங்காது. கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்ற ஈயைப் 'பழம்' குழாயில் ஏறியதாகவும், 'காய்' குழாயில் ஏறாததாகவும் எழுதினேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. முடித்த கையோடு மும்தாஜுக்குப் போன் போட்டேன். "பழம் வேலை செய்யுது மும்தாஜ்!"

நான்கு நாள் நூரி வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டால் மும்தாஜ் சந்தோஷமாகச் சொல்கிறாள்: "மாத்திரைய நிறுத்திட்டேன் டாக்டரம்மா. தின்னா வாந்தியா வருது. இப்ப மூணு வேளையும் நாவப்பழச் சாறுதான்."

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மழையில் ஆட்டோ நகரவில்லை. இறங்கி முழங்கால் தண்ணீரில் சீத்தா கேம்ப்பில் அவர்கள் வீடு வரை நடந்தேன். நூரி கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தாள். கண் மட்டும் அசைந்தது. கடைவாயில் கருநீலச் சாறு வழிந்திருந்தது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டேதான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

மாத்திரை மறுபடி ஏறி, மூன்றாம் நாள் பேச்சு வந்தது. "எந்தக் குழாய்ல ஏறிச்சி மேடம்?" என்று கேட்டாள்.

"பழத்துல."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பழம்னு ஒட்டுனதுல வெறுஞ் சாயம். சாறு காய்லதான் ஊத்துனேன். நீங்க தமிழ் படிப்பியன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்காவ எண்ணாதீய. ஈக்காவ எண்ணுங்க."

மறுபடி முதலிலிருந்து செய்தோம். நான் எண்ணவில்லை. சாற்றுக்குச் சிறிய பலன் தெரிந்தது, அதுவும் ஈக்களுக்கு. மனிதரைக் காக்குமா என்று இன்றும் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது பலிக்க வேண்டும் என்று எங்களில் யாரையும்விட ஆசைப்பட உரிமை உள்ளவள் அவள். ஆனாலும் வந்த எண்ணை வந்தபடியே நடுங்கும் கையால் எழுதினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஈ செத்தாக்கூட இப்படி அழமாட்டியளே மேடம்" என்றாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போயிருந்தேன். மும்தாஜ் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "அன்னைக்கு நான் மாத்திரைய நிறுத்துனதாலயா லாத்தா இம்புட்டு சீக்கிரம் போயிட்டா?"

இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நானும்தான்.

"தெரியாது மும்தாஜ். தப்பு உன்னுது இல்ல. பொய்யா எண்ணினது நான், போன் பண்ணினதும் நான். ஆனா அதனாலதானான்னு எனக்குத் தெரியாது."

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "கடைசியா முடியாம கெடந்தப்ப இத லாத்தாட்டயும் கேட்டேன். 'மேடத்துட்டயே கேளு, இப்பல்லாம் பொய் சொல்லமாட்டாவ'ன்னா."

நூரி எனக்கென்று விட்டுப்போனது அந்த 'இப்பல்லாம்' ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.