"கீழ என்ன பாத்தீங்க?" என்று கேட்ட பல் டாக்டர்

செய்தி வந்தபோது நான் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் செல்வி போனில் அழுதாள். "தாத்தா, டாக்டர் போயிட்டாரு. தூக்கத்துலயே உசுரு போயிடுச்சு." வாயில் இருந்த தண்ணீரைத் துப்பத் தோன்றவில்லை. விழுங்கிவிட்டேன்.

ரெட்டியார்பாளையத்தில் பல் வைத்தியம் பார்த்த டாக்டர் லூர்துவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வைத்திக்குப்பத்துக் கலியபெருமாள். ஸ்கூபா டைவிங்குக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் படகை ஓட்டுகிறவன். எழுத்து தெரியாது, நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடந்ததை மறக்கிற வழக்கம் மட்டும் எனக்கு இல்லை. இப்போது அதுதான் தொந்தரவு.

முன்பெல்லாம் நங்கூரக் கயிறு பாறையில் சிக்கினால் நானே முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்குவேன். ஒரு நாள் மேலே வரும்போது கடைவாய்ப்பல்லுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல வலித்தது. படகில் ஏறுவதற்குள், என்றோ அடைத்த அடைப்பு கழன்று நாக்கில் விழுந்தது. டாக்டரிடம் ஓடினேன்.

"அடைப்புக்கு அடியில இண்டு இருந்திருக்கு. ஆழத்துல அதுக்குள்ள காத்து பூந்துக்கும். மேல வர வர அந்தக் காத்து பெருக்கும். வெளிய வர வழி இல்லன்னா பல்லையே பொளந்துடும்" என்றார். தற்காலிகமாக ஒன்றை அடைத்து, நிரந்தர அடைப்பு வைக்கும்வரை கடலில் இறங்காதே என்று சொல்லி அனுப்பினார்.

வலி போய்விட்டதே, நான் எங்கே கேட்டேன்! அடுத்த ஞாயிறு துறைமுகத்தில் சிலிண்டரோடு நின்றிருந்தேன். மீன் வாங்க வந்த டாக்டர் பார்த்துவிட்டார். "வாயத் தொறங்க" என்றார். அத்தனை பேர் நடுவில் திறந்தேன். செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: "டெம்பரரி அடைப்போட கடல்ல எறங்குறவன் மீனவன் இல்ல, மடையன்!" படகுக்கு வந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்று முதல் துறைமுகத்தில் எனக்குப் பெயர் 'வாயத்தொற'. மீன் விற்கிற பெண்கள்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மறுநாளே கூப்பிட்டு நல்ல அடைப்பு வைத்துவிட்டார். அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்து, இறங்கப்போகிறவர்களின் வாயைப் பார்த்து அனுப்புவதை அவரே வேலையாக எடுத்துக்கொண்டார். "கரையில பல்லு பொய் சொல்லும், பெருமாளு. தண்ணிக்குள்ள சொல்லாது" என்பார். அவர் ஒரு முறைகூட இறங்கியதில்லை. அந்த ஆசை இருந்தது. டைவிங் ஆள் யார் கிளினிக்குக்கு வந்தாலும், வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே "கீழ என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். யாரால் பதில் சொல்ல முடியும்? என்னிடம் கையை எடுத்த பிறகும் கேட்டார். எனக்கோ அந்தப் பட்டப்பெயர் உறுத்திக்கொண்டே இருந்தது. "என்ன இருக்கும்? தண்ணிதான்" என்பேன்.

போன பங்குனியில், கடல் அசையாமல் தெளிந்து கிடந்த ஒரு காலை, டாக்டரே இறங்க வந்தார். நீச்சல் குளத்தில் பழகியிருந்தார். புது அரைக்கால் சட்டை. கரையில் டீ குடிக்கும்போதே ஒரு பக்கக் கன்னத்தை ஒதுக்கிக் குடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படகு போய் நின்று, எல்லோரும் சிலிண்டர் மாட்டிய பிறகு சத்தமாகக் கேட்டேன்: "டாக்டர், வாயத் தொறங்க."

திறந்தார். கடைவாயில் வெள்ளையாக டெம்பரரி அடைப்பு. "நேத்துதான் கூட்டாளி டாக்டர்கிட்ட போட்டது. ஆழம் வேணாம், பெருமாளு. பத்தடி. பாத்துட்டு வந்துடுறேன்."

"டெம்பரரி அடைப்போட கடல்ல எறங்குறவன்..." என்று ஆரம்பித்தேன். மீதியைப் படகே சேர்ந்து சொன்னது. டாக்டரும் சிரித்தார், சிரித்தபடியே சிலிண்டர் வாரைக் கழற்றினார். மற்றவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு தலை மேலே வரும்போதும் "கீழ என்ன பாத்தீங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்குகிற அவசரத்தில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

"தண்ணிதான், டாக்டர்" என்றேன்.

கரை இறங்கும்போது என் தோளைத் தட்டி, "நீங்க செஞ்சது சரி. பல்ல முடிச்சுட்டு வரேன்" என்றார். பல்லை முடித்தார், அதற்குள் கடல் கலங்கிவிட்டது. கடல் தெளிந்தபோது அவருக்கு நெஞ்சு வலி. இனி இறங்கவே கூடாது என்று வேறொரு டாக்டர் சொல்ல, நம் டாக்டர் கேட்டுக்கொண்டார்.

அடக்கத்தன்று கல்லறையில், எங்கள் படகில் ஆட்களைக் கடலுக்குள் இறக்குகிற டைவிங் மாஸ்டர் என்னைக் காட்டி, "டாக்டரு பேச்ச டாக்டருக்கே காப்பாத்துன ஆளு இவரு" என்றார். பலர் என் கையைப் பிடித்தார்கள். அவர் போட்ட சட்டம் சரிதான். பத்தடியும் ஆழந்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று நான் பார்த்தது அவர் பல்லை அல்ல, என் பட்டப்பெயரை. பிடித்த கைகளை உதறவும் முடியவில்லை.

அவர் வைத்த அடைப்பு என் வாயில் இன்னும் அசையாமல் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வியும் என்னிடமே கிடக்கிறது.

டாக்டர், கீழே உங்கள் கிளினிக் அளவுக்கு ஒரு பாறை இருக்கிறது. அதன் அடியில் ஒரு பெரிய களவா மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். விரல் நீளப் பொடி மீன்கள் உள்ளே போய், அதன் பல் இடுக்கெல்லாம் கொத்திச் சுத்தம் செய்யும். களவா கடிக்காது. வேலை முடிகிறவரை அப்படியே நிற்கும். முதல் தடவை பார்த்தபோதே உங்களைத்தான் நினைத்தேன்.